பொறியியலாளர் டோஹாவில், வலையமைப்பு ஒலுவிலில்: ஒரு நிறுவனத்தின் கணினி வலையமைப்பை ஆவணப்படுத்துவது எப்படி?

ஒலுவிலில் இரவு ஒன்பது மணி. டோஹாவில் மாலை ஆறரை.

"தம்பி, நெட் வேலை செய்யுதில்ல. பில் போட ஏலாமக் கிடக்கு. எந்த வயரக் கழட்டி மாட்டணும்?"

"ஹாஜியார், மேல ஒரு பெட்டி இருக்கும் பாருங்க, பச்சை லைட் எரியுற பெட்டி."

"பச்சை லைட்டோட நாலு பெட்டி இருக்கு தம்பி."

கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையான கரையில் நிறுவனம் நடத்தும் எவரும் இந்த உரையாடலில் ஒரு பக்கத்திலாவது நின்றிருப்பார். அரிசி ஆலை, கைத்தறி விற்பனை நிலையம், தனியார் வைத்தியசாலை, பாடசாலை, கூட்டுறவுச் சங்கம் என்று எங்கும் இன்று கணினி வலையமைப்பு இருக்கிறது. அதைப் போட்டவர் பெரும்பாலும் ஊரில் படித்த ஓர் இளைஞர். எந்தக் கேபிள் எங்கே போகிறது, கணக்கு மென்பொருள் எந்தக் கணினியில் இருக்கிறது, ரவுட்டரின் கடவுச்சொல் என்ன என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலைக்காக நாட்டை விட்டுச் சென்றார்கள். அப்படி ஒரு பொறியியலாளர் விமானம் ஏறும்போது, நிறுவனத்தின் ஞாபகமும் அவரோடு ஏறிவிடுகிறது.

அந்த ஞாபகத்தைக் காகிதத்தில் இறக்கிவைக்கும் வேலைக்குத்தான் வலையமைப்பு ஆவணப்படுத்தல் என்று பெயர். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு சிறிய நிறுவனத்துக்கு ஓரிரு நாள் உழைப்புப் போதும். ஆனாலும் செய்யப்படாமலே தள்ளிப்போகும் வேலைகளில் இதுவே முதலாவது.

ஒரு தலையில் மட்டும் இருந்தால்

இது சிறிய ஊர்களின் பிரச்சினை மட்டுமென்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகத்தில் 2008 ஆம் ஆண்டு நடந்தது இது. நகரின் பிரதான பைபர் வலையமைப்பின் நிர்வாகக் கடவுச்சொற்கள் டெரி சைல்ட்ஸ் என்ற ஒரே பொறியியலாளரிடம் இருந்தன. மேலதிகாரிகளுடன் பிணக்கு ஏற்பட்டபோது அவற்றைக் கொடுக்க அவர் மறுத்தார். ஜூலையில் கைது செய்யப்பட்டார். கடைசியில் நகர மேயர் கெவின் நியூசம் சிறைக்கே நேரில் சென்று கடவுச்சொற்களைப் பெற்றுவந்தார். 2010 இல் சைல்ட்ஸ் குற்றவாளியாகக் காணப்பட்டு நான்கு வருடச் சிறைத்தண்டனை பெற்றார். இத்தனை நாளும் வலையமைப்பு ஒழுங்காகவே இயங்கியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அதன் சொந்தக்காரரான நகரத்தால் மட்டும் உள்ளே நுழைய முடியவில்லை.

இன்னொரு சம்பவம் 2017 ஜூன் 27 அன்று நடந்தது. நொட்பெட்யா என்ற நாசகார மென்பொருள், உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மேர்ஸ்க்கின் கணினிகளை அழித்தது. யார் உள்ளே நுழையலாம், யாருக்கு எதைப் பார்க்க அனுமதி என்ற பதிவேட்டை வைத்திருக்கும் சேர்வர்கள் அந்நிறுவனத்திடம் உலகம் முழுவதும் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் மற்றது கைகொடுக்கும் என்பது திட்டம். எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று எவரும் நினைத்திருக்கவில்லை. தேடித் தேடி, கானா நாட்டிலிருந்த ஒரே ஒரு சேர்வர் தப்பியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு! அந்தப் பிரதியை வைத்துத்தான் மீண்டெழுந்தார்கள். சுமார் 4,000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் மீள நிறுவியதாக அதன் தலைவர் அடுத்த ஆண்டு தெரிவித்தார். எது எங்கே இருக்கிறது, எதன் பிரதி எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விடயம்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2023 ஓகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் எனப்படும் அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குப் பிரதி இல்லாததால் அவை மீளக் கிடைக்கவில்லை. அங்கே பாவனையில் இருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ் 2013 பதிப்பு. அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு ஏப்ரல் 11 அன்றே நிறுத்திவிட்டது. "எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, ஆதரவு எப்போது முடிகிறது, பிரதி கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது" என்ற நான்கு நிரல்கள் கொண்ட பட்டியல் ஒவ்வொரு மாதமும் முடிவெடுப்பவர்களின் மேசைக்குப் போயிருந்தால், இந்த ஆபத்து எழுத்தில் தெரிந்திருக்கும். பட்டியல் தாக்குதலைத் தடுக்காது. தெரியாது என்று சொல்ல இடம் வைக்காது, அவ்வளவுதான்.

முதலில் நடந்து பாருங்கள்

வரைபடம் கணினித் திரையில் தொடங்குவதில்லை. ஒரு கொப்பியும் பேனையும் கைத்தொலைபேசிக் கமராவும் எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நடப்பதில் தொடங்குகிறது. மின்சாரமும் கேபிளும் போகும் ஒவ்வோர் அறையையும் பாருங்கள். மேசைக்கு அடியில், அலுமாரிக்குப் பின்னால், கூரைக்கு மேலே என்று எதையும் விடக்கூடாது. கண்ணில் படும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்:

- சாதனத்துக்கு நாம் வைக்கும் பெயர், அது என்ன வகை, தயாரிப்பு, மொடல், தொடர் இலக்கம்
- எந்தக் கட்டடம், எந்த அறை, எந்த இடம்
- ஐபி முகவரி, மெக் முகவரி
- மென்பொருள் பதிப்பு, கடைசியாகப் புதுப்பித்த திகதி
- வாங்கிய திகதி, உத்தரவாதம் முடியும் திகதி, வாங்கிய கடை
- எந்த யூபிஎஸ் இலிருந்து மின்சாரம் பெறுகிறது
- யார் பொறுப்பு

இதை எக்செல் தாளில் பதிந்தால் போதும். உலகளவில் மதிக்கப்படும் சிஐஎஸ் பாதுகாப்பு வழிகாட்டி தன் பட்டியலில் முதலாவதாக வைத்திருப்பது நிறுவனத்தின் சாதனங்களைக் கணக்கெடுப்பதைத்தான். இரண்டாவது, மென்பொருட்களைக் கணக்கெடுப்பது. இருப்பது தெரியாத ஒன்றைப் பாதுகாக்க முடியாது.

அடுத்தது கேபிள்கள். ஒவ்வொரு கேபிளுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அதன் இரண்டு முனைகளிலும் ஒட்டுங்கள். ஒரு முனையில் மட்டும் ஒட்டினால் பாதி வேலை. நம் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று முனைகளைத் துருப்பிடிக்க வைக்கும். சாதாரணக் காகிதமும் பசையும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. லேபல் மெஷினில் அச்சிட்ட பிளாஸ்டிக் பட்டி நல்லது. அது இல்லாவிட்டால் அழியாத மையால் எழுதி, மேலே ஒளி ஊடுருவும் டேப் சுற்றலாம். முதலாளிக்கு இரவு ஒன்பது மணிக்குத் தேவைப்பட்டது "பச்சை லைட் பெட்டி" என்ற அடையாளமல்ல, பெட்டியின் மேல் ஒட்டிய "ஒலு-சுவி-01" என்ற பெயர்.

கண்ணுக்குத் தெரியாதவற்றைக் கண்டுபிடித்தல்

நடந்து பார்த்தும் சில தப்பிவிடும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் சென்றால், அது ஐபி முகவரி கொடுத்திருக்கும் எல்லாச் சாதனங்களின் பட்டியலும் கிடைக்கும். சற்று விலை கூடிய சுவிட்ச்கள் எல்எல்டிபி என்ற முறை மூலம் தமக்கு அருகே இணைந்திருக்கும் சாதனங்களின் பெயர்களைச் சொல்லும். 1997 முதல் இலவசமாகக் கிடைக்கும் என்மேப் என்ற மென்பொருள், வலையமைப்பில் பதில் சொல்லும் ஒவ்வொரு முகவரியையும் தேடிக் காட்டும். இவ்வாறான தேடலை உங்கள் சொந்த வலையமைப்பில், நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதியுடன் மட்டுமே செய்யுங்கள். அனுமதியின்றிப் பிறர் கணினிகளுக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றமாகும்.

இப்போது இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். கண்ணால் கண்டது ஒன்று, கணினி சொல்வது இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. சிக்னல் போதாதென்று யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டிய வைஃபை பெட்டி, வேலையை விட்டுப் போனவரின் கணினி, கடவுச்சொல் மாற்றப்படாத கமரா எல்லாம் அங்கேதான் பிடிபடும்.

ஒன்றல்ல, இரண்டு படங்கள்

ஒரே தாளில் எல்லாவற்றையும் வரைய முயல்வதுதான் பலர் செய்யும் தவறு. அப்படி வரைந்தால் அது இடியப்பம்போல் ஆகிவிடும். இரண்டு படங்கள் வேண்டும்.

முதலாவது, பௌதிக வரைபடம். எந்தப் பெட்டி எந்த அறையில் இருக்கிறது, எந்தக் கேபிள் எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்குப் போகிறது என்பதை இது காட்டும். கட்டடத்தின் தரைப்படத்தின் மேலேயே வரையலாம். "எந்த வயரக் கழட்டணும்" என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

இரண்டாவது, தர்க்கரீதியான வரைபடம். கேபிள்களை மறந்துவிட்டு, தரவு எப்படி ஓடுகிறது என்பதை இது காட்டும். வலையமைப்பு எத்தனை பிரிவுகளாக இருக்கிறது, எந்தப் பிரிவு எதனுடன் பேசலாம், இணையம் எங்கே நுழைகிறது, ஃபயர்வோல் எங்கே நிற்கிறது என்பவை இதில் வரும். "கணக்கு சேர்வரை யாரெல்லாம் பார்க்க முடியும்" என்ற கேள்விக்கு விடை இங்கே.

குறியீடுகள் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். ரவுட்டருக்கு அம்புக்குறிகள் கொண்ட வட்டத்தட்டு, சுவிட்சுக்கு அம்புக்குறிகள் கொண்ட பெட்டி, ஃபயர்வோலுக்குச் செங்கல் சுவர், இணையத்துக்கு மேகம். ட்ரோ டொட் ஐஓ என்ற இலவச மென்பொருளில் இவை எல்லாம் இருக்கின்றன. மைக்ரோசொப்டின் விசியோ கட்டணம் உள்ளது. சாதனங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் நெட்பொக்ஸ் என்ற திறமூல மென்பொருள் பொருந்தும். எதுவும் இல்லாவிட்டால் கையால் வரையுங்கள். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் 1969 ஆம் ஆண்டு வரைபடம் நான்கு வட்டங்களும் நான்கு பெட்டிகளும் சில கோடுகளும் கொண்ட கைப்படம்தான். இன்றும் அதைப் பார்த்தால் எது எதனுடன் இணைந்திருந்தது என்று உடனே புரிகிறது.

ஓர் உதாரணம்: ஒலுவிலில் அலுவலகம், கல்முனையில் கடை

கற்பனையாக ஓர் அரிசி வியாபார நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஒலுவிலில் தலைமை அலுவலகம், கல்முனையில் விற்பனை நிலையம். அலுவலகத்தில் ஒரு ரவுட்டர், 24 துளைகள் கொண்ட ஒரு சுவிட்ச், கணக்கு சேர்வர், ஆறு கணினிகள், ஒரு பிரிண்டர், எட்டு கமராக்கள், இரண்டு வைஃபை பெட்டிகள். எல்லாம் ஒரே வலையமைப்பில், 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளில் இருக்கின்றன. பெரும்பாலான ரவுட்டர்கள் கடையிலிருந்து வரும்போதே இப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கும்.

இதை வரைந்து முடித்ததும் மூன்று பிழைகள் தாமாகவே தெரியும். வாடிக்கையாளர் தன் கைத்தொலைபேசியில் பாவிக்கும் வைஃபையும் கணக்கு சேர்வரும் ஒரே பிரிவில் இருக்கின்றன. அந்த ஒரே சுவிட்ச் பழுதானால் அலுவலகம் முழுவதும் நின்றுவிடும். கணக்கின் பிரதி எடுக்கும் ஹார்ட் டிஸ்க் சேர்வருக்குப் பக்கத்திலேயே, அதே யூபிஎஸ் இல் இணைந்திருக்கிறது. ஒக்டோபர், நவம்பர் மாத இடி மின்னலில் ஒன்று போனால் மற்றதும் போகும்.

திருத்திய திட்டம் இப்படி அமையலாம்:

- ஒலுவில் அலுவலகக் கணினிகளும் சேர்வரும்: 10.20.10.0/24
- ஒலுவில் கமராக்கள்: 10.20.20.0/24
- ஒலுவில் விருந்தினர் வைஃபை: 10.20.30.0/24, இணையத்துக்கு மட்டும் அனுமதி
- கல்முனைக் கடைக் கணினிகள்: 10.21.10.0/24
- கல்முனைக் கமராக்கள்: 10.21.20.0/24

இங்கே இரண்டாவது எண் ஊரைச் சொல்கிறது, 20 ஒலுவில், 21 கல்முனை. மூன்றாவது எண் பாவனையைச் சொல்கிறது. முகவரியைப் பார்த்தவுடனேயே எந்த ஊர், என்ன சாதனம் என்று தெரிந்துவிடும். /24 என்ற பிரிவு ஒவ்வொன்றிலும் 254 சாதனங்களுக்கு இடம் உண்டு. 10 இல் தொடங்கும் முகவரிகள் எல்லாமே தனியார் பாவனைக்கென ஒதுக்கப்பட்டவை என்பதால் எவரிடமும் அனுமதி பெறத் தேவையில்லை. ஒரே சுவிட்சில் இந்தப் பிரிவுகளை வேறாக்குவதற்கு விலான் என்ற வசதி உதவும். அதற்கு நிர்வகிக்கக்கூடிய வகைச் சுவிட்ச் தேவை, வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு நிறுவனம் இரண்டு ஊர்களில் இயங்குவது இங்கே புதிதல்ல. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே முழுமையான பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் ஒலுவிலில், பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். இப்படியான எந்த நிறுவனத்தின் வரைபடத்திலும் இரண்டு ஊர்களுக்கும் இடையிலான கோடுதான் மிக முக்கியமானது. அந்த இணைப்பைத் தருபவர் யார், ஒப்பந்த இலக்கம் என்ன, அறுந்தால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது, மாற்று வழி என்ன என்பதை அந்தக் கோட்டின் மேலேயே எழுதுங்கள்.

படத்துடன் இருக்க வேண்டிய பக்கங்கள்

வரைபடம் மட்டும் போதாது. இரண்டு மூன்று பக்கக் குறிப்பு அதனுடன் இருக்க வேண்டும். இணைய வழங்குநரின் பெயர், கணக்கு இலக்கம். நிறுவனத்தின் இணையத்தள முகவரி எவர் பெயரில் பதிவாகியுள்ளது, எப்போது காலாவதியாகும். மின்சாரம் போய் வந்தால் எதை முதலில், எதைப் பிறகு இயக்குவது. ரவுட்டர், சுவிட்ச் ஆகியவற்றின் அமைப்புகளின் பிரதி எந்தக் கோப்பில் உள்ளது. தரவுப் பிரதி எப்போது எடுக்கப்படுகிறது, அதிலிருந்து மீட்டுப் பார்த்த கடைசித் திகதி எது. மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

கடவுச்சொற்களை வரைபடத்தில் எழுதவே கூடாது. அவற்றைக் கடவுச்சொல் பெட்டக மென்பொருளில் வைத்து, அதைத் திறக்கும் பிரதான கடவுச்சொல்லை உறையிலிட்டு, கையொப்பமிட்டு ஒட்டி, முதலாளியின் இரும்புப் பெட்டியில் வையுங்கள். ஆவணத்தில் "கடவுச்சொல் எங்கே இருக்கிறது" என்பது மட்டும் இருக்கட்டும்.

வரைபடமும் இரகசியமானதுதான். திருடன் கையில் கிடைத்தால் அது அவனுக்கு வழிகாட்டி. சுவரில் ஒட்டாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். யாருக்கு எந்தப் பிரதி கொடுக்கப்பட்டது என்று எழுதிவையுங்கள்.

ஆகக் குறைந்தது ஒரு பிரதி காகிதத்தில் இருக்க வேண்டும். சேர்வர் விழுந்த நாளில் சேர்வருக்குள் இருக்கும் வரைபடத்தைத் திறக்க முடியாது. இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டம் 10,000க்கும் அதிகமான உயிர்களை இழந்தது, இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு இழக்கவில்லை. உயிர்களுக்கு முன்னால் காகிதங்கள் பெரிதல்ல. ஆனால் உயிர் பிழைத்தவர்கள் பின்னர் காணி உறுதிக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைந்ததை இந்தக் கரை மறந்திருக்காது. மூலமும் பிரதியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அது பிரதியே இல்லை.

உயிரோடு வைத்திருப்பது

வரைந்து முடித்த நாளிலிருந்தே வரைபடம் பழசாகத் தொடங்குகிறது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் திகதியும் வரைந்தவர் பெயரும் பதிப்பு இலக்கமும் இருக்கட்டும். எந்த மாற்றம் செய்தாலும், அதை எழுதும்வரை வேலை முடிந்ததாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வரைந்தவர் அல்லாத ஒருவரிடம் ஆவணத்தைக் கொடுத்து, "இதை வைத்துக் கணக்கு சேர்வரைக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளரின் தரவைப் பொறுப்புடன் வைத்திருக்கும் கடமையை நிறுவனங்களுக்கு விதிக்கிறது. தரவு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றே தெரியாத நிறுவனம் அந்தக் கடமையை எப்படி நிறைவேற்றும்?

சில பொறியியலாளர்களுக்கு ஓர் அச்சம் உண்டு: "எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் நான் எதற்கு?" முதலாளிகளுக்கும் ஒரு நினைப்பு உண்டு: "அவன் நம்ம பொடியன்தானே, கேட்டா சொல்லுவான்." இரண்டுமே இருவருக்கும் பாதகமானவை. எழுதிவைக்காத பொறியியலாளருக்கு விடுமுறை கிடையாது. நோன்புப் பெருநாள் அன்றும் தொலைபேசி அடிக்கும். எழுதிக் கேட்காத முதலாளி, சம்பளம் கொடுக்காத ஒருவரின் தயவில் தொழில் நடத்துகிறார். ஆவணப்படுத்தலைச் சம்பளத்துக்கு உரிய வேலையாக, நேரம் ஒதுக்கி, ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள். வேலையை விட்டுச் செல்பவரின் கடைசிச் சம்பளத்தோடு ஆவணக் கையளிப்பும் நடக்கட்டும். ஊரிலுள்ள சிறு நிறுவனங்களின் வலையமைப்பை வரைந்து கொடுப்பது, கணினித்துறை மாணவர்களுக்கு நல்ல தொழிற்பயிற்சியாகவும் அமையும்.

அப்படி ஒரு கோப்பு இருந்தால், இரவு ஒன்பது மணிக்கு ஹாஜியார் டோஹாவுக்கு எடுக்கும் அழைப்பு வேறு விதமாக இருக்கும்.

"தம்பி, நெட் போயிருந்திச்சு. கோப்பில இருந்தபடி செஞ்சன், வந்திட்டு. நீங்க எப்படி இருக்கீங்க? சாப்பிட்டீங்களா?"